புது ஆல்கலாய்டா, நம் கைவேலையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

வெப்பமண்டலச் செடியை அரைத்துச் சாறெடுத்து, அதிலிருந்து அபூர்வமான ஆல்கலாய்டு (நைட்ரஜன் கொண்ட, பெரும்பாலும் காரத்தன்மை உள்ள செடிச் சேர்மம்) ஒன்றைத் தனியாக்க இறங்குபவர்கள் முட்டிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். செடி மாறும், தாவரக் குடும்பம் மாறும், மாணவர் மாறுவார். "நேத்து தட்டுல இருந்துச்சு, இன்னைக்குக் காணோம்" என்ற பேச்சு மட்டும் மாறாது. (தட்டு என்றால் சிலிகா பூசிய மெல்லடுக்கு வண்ணப்பிரிகைத் தட்டு. அதில் சாற்றைச் சொட்டாக வைத்துக் கரைப்பானை ஓடவிட்டால் சேர்மங்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும்.) அந்தப் பேச்சுகளையே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். "புதுச் சேர்மம்" என்று என் மேசைக்கு வந்தவற்றில் செடி செய்ததைவிடக் கரைப்பான் செய்ததே அதிகம். அதனால் ஒவ்வோர் அறிகுறியிலும் முதலில் நம் புட்டிகளைச் சந்தேகிப்போம், செடி கடைசியில்.

## தொடங்கும் முன் ஒதுக்க வேண்டியவை

உலர்த்திய தூளில் 10 கிராமைத் தொடாமல் எடுத்து, இருட்டில், குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கீழே வரும் சோதனைகளில் பாதி இந்தத் தூளை நம்பித்தான் இருக்கின்றன. தூளே போடாமல், அதே கரைப்பான், அதே வடிதாள், அதே குடுவை வைத்து ஒரு வெற்று ஓட்டம் ஓட்டி, அதன் மிச்சத்தையும் ஒரு சிறு குப்பியில் வையுங்கள். மூன்றாவதாக, பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியத்தில் (உலர்செடிக் காப்பகத்தில்) எண் வாங்கிவிடுங்கள். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பிறகு ஒரு கட்டத்தில் வேலையை முதலிலிருந்து தொடங்க நேரும்.

அடையாளம் தெரியாத கச்சா ஆல்கலாய்டை விஷமென்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த காரத்தைச் சுரண்டும்போது தூசி பறக்கும். கையுறையும் புகைபோக்கிப் பெட்டியும் இல்லாமல் சுரண்ட வேண்டாம். பழைய நூல்களில் வரும் "நாவில் கசப்பு" சோதனையை மறந்துவிடுங்கள். எட்டிக்காயின் ஸ்ட்ரிக்னைனும் கசப்புதான்.

## அறிகுறி: டிராகன்டார்ஃப் ஆரஞ்சு காட்டுகிறது, கையில் ஆல்கலாய்டு வரவில்லை

ஆல்கலாய்டு உள்ள புள்ளியை ஆரஞ்சாக்கும் தெளிப்பு டிராகன்டார்ஃப். அதைத் தெளித்ததும் தட்டு முழுக்க லேசான ஆரஞ்சு. ஓடவிட்ட கரைப்பானில் டைஎத்திலமின் இருந்ததா? டொலுவீன், எத்தில் அசிடேட், டைஎத்திலமின் 7:2:1 என்ற வழக்கமான கலவையில் ஓட்டினால், அமின் முழுவதும் ஆவியாகும் முன் தெளிக்கும் டிராகன்டார்ஃப் அந்த அமினையே ஆல்கலாய்டு என்று காட்டிவிடும். தட்டைச் சூடான காற்றில் நன்றாக உலர்த்திவிட்டுத் தெளியுங்கள். செலவே இல்லாத தீர்வு. பத்துப் புகாரில் மூன்று இதோடு தீரும்.

தனிப் புள்ளி, ஆனால் வெளிறிய ஆரஞ்சு, சற்று நேரத்தில் மங்குகிறது. கூமரின்களும், கார்பனைலோடு இணைந்த இரட்டைப் பிணைப்பு கொண்ட கீட்டோன்களும் லாக்டோன்களும் (வளைய எஸ்டர்கள்) நைட்ரஜன் இல்லாமலே இந்த நிறம் தரும். அதே தட்டின் இன்னொரு நகலில் அயோடோபிளாட்டினேட் தெளித்துப் பாருங்கள். இரண்டு தெளிப்பிலும் தெரிந்தால் மேலே போகலாம். தெளிக்கும் முன் 365 நானோமீட்டர் ஒளியில் புள்ளி பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்திருந்தால் கூமரின் சந்தேகம் வலுக்கிறது.

குழாயில் மேயர் கரைசல் (ஆல்கலாய்டு இருந்தால் கலங்கும் இன்னொரு சோதனைக் கரைசல்) வெண்மையாகக் கலங்குகிறது, தட்டில் ஒன்றுமில்லை. பெரும்பாலும் புரதம். சாற்றை எத்தனாலில் எடுத்து வடிகட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் ஆளைத் தேட வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் கச்சாச் சாற்றை ஒரு முறை மாஸ் கருவியில் (மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமாலைமானியில்) ஓட்டினாலே நைட்ரஜன் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

## அறிகுறி: கச்சாச் சாற்றில் உண்டு, அமில-காரப் பிரிப்புக்குப் பின் காணோம்

அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். அமிலத்தால் ஆல்கலாய்டை உப்பாக்கி நீருக்குள் இழுத்து, பிறகு காரமாக்கிக் கரிமக் கரைப்பானுக்குத் திருப்புவதே இந்தப் பிரிப்பு. எதையும் கொட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அமில அடுக்கைக் கழுவிய கரைப்பான், காரமாக்கிப் பிரித்த கரைப்பான், கடைசியில் மிஞ்சிய நீர் என்று மூன்று குடுவைகள் இருக்கும். மூன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து ஒரே தட்டில் வைத்து ஓட்டுங்கள். புள்ளி எந்தக் குடுவையில் இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

### புள்ளி முதல் கழுவலில் இருக்கிறது

அமில நீரில் தங்க வேண்டியது கரிமக் கரைப்பானோடு ஓடிவிட்டது என்று அர்த்தம். எளிய காரணம், அமிலம் போதவில்லை. பிஹெச் தாளை நீர் அடுக்கில் தொட்டுப் பாருங்கள். சாற்றில் உள்ள உப்புகள் அமிலத்தைத் தின்றிருக்கும். பிஹெச் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும்.

அடுத்தது, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் குளோரோஃபார்மும் சேர்த்துப் பயன்படுத்தியது. சில ஆல்கலாய்டுகளின் ஹைட்ரோகுளோரைடு உப்பு குளோரோஃபார்மில் நன்றாகவே கரையும். அமிலத்தை நீர்த்த கந்தக அமிலமாகவோ டார்டாரிக் அமிலமாகவோ மாற்றி, கழுவலை ஹெக்சேன் அல்லது ஈதரில் செய்தால் தீரும்.

இரண்டும் இல்லையென்றால், உங்கள் ஆல்கலாய்டு காரமே இல்லை. செங்காந்தளின் கோல்சிசினும் மிளகின் பைப்பரினும் அமைடுகள். அவற்றின் நைட்ரஜன் அமிலத்தைச் சீந்தாது. "ஆல்கலாய்டு என்றால் காரம்" என்று பாடப்புத்தகம் சொல்லித்தந்த பழக்கத்தில், இவை இருக்கும் கழுவலைக் கழிவுக் கேனில் ஊற்றியவர்கள் எத்தனையோ பேர்.

நோத்தபோடைட்டிஸ் மரத்தின் கேம்ப்டோதெசின் இன்னும் ஒரு படி மேல். சீன மரமான கேம்ப்டோதெகாவிலிருந்து வாலும் வானியும் 1966-இல் வெளியிட்ட சேர்மம் இது. இதன் நைட்ரஜன்கள் நீர்த்த அமிலத்தில் உப்பாவதில்லை. ஆனால் காரம் சேர்த்தால் லாக்டோன் வளையம் திறந்து கார்பாக்சிலேட் ஆகி நீருக்குள் போய்விடும். அமிலமாக்கினால் வளையம் மூடிக் கரிமக் கரைப்பானுக்குத் திரும்பிவிடும். வழக்கமான வழிமுறைக்கு நேர் தலைகீழ். உங்கள் சேர்மமும் இப்படி இடவலம் மாறி நடந்தால் லாக்டோனை நினையுங்கள்.

### புள்ளி கடைசி நீரில் மிஞ்சியிருக்கிறது

முதலில் பிஹெச்சை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஃபீனால் தொகுதி உள்ள ஆல்கலாய்டு பிஹெச் 12-இல் ஃபீனாலேட்டாகி நீரிலேயே தங்கிவிடும். சோடியம் ஹைட்ராக்சைடைத் தாராளமாக ஊற்றியவர்களுக்கு வரும் வினை இது. பிஹெச் 8.5-க்கு இறக்கி மறுபடி குலுக்கினால் மேலே வரும். நீரை மூன்று கிண்ணங்களாகப் பிரித்து பிஹெச் 8, 9, 10 என்று வைத்துத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

எந்தப் பிஹெச்சிலும் அசையவில்லை என்றால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, அது என்-ஆக்சைடு, அதாவது நைட்ரஜன் மேல் ஓர் ஆக்சிஜன் ஏறியது. கிலுகிலுப்பையின் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் செடிக்குள்ளேயே பெரும்பாலும் என்-ஆக்சைடாகத்தான் இருக்கும். சிறு பங்கை நீர்த்த கந்தக அமிலத்தில் துத்தநாகத் தூளோடு சில மணி நேரம் கலக்கி, வடித்து, காரமாக்கிப் பிரியுங்கள். புள்ளி கரிம அடுக்குக்கு வந்தால் தீர்ந்தது.

துத்தநாகத்துக்கும் அசையாவிட்டால் நான்கிணைப்பு உப்பு (நைட்ரஜனில் நான்கு கார்பன் பிணைப்புகள், நிரந்தர நேர்மின்னேற்றம்): மரமஞ்சளின் பெர்பெரின், சீந்தில் கொடியின் மேக்னோஃப்ளோரின் வகை. இவற்றுக்குக் காரம் சேர்ப்பது வீண். வலுவற்ற நேரயனிப் பரிமாற்றக் குழலில் பிடித்து, அமிலம் கலந்த மெத்தனாலில் இறக்குங்கள். குழல் இல்லாவிட்டால் பியூட்டனாலில் பிரிக்கலாம்; சர்க்கரையும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

### மூன்றிலும் இல்லை

அப்படியானால் உடைந்திருக்கிறது. சூடும் வலுவான காரமும் சேர்ந்தால் எஸ்டர் ஆல்கலாய்டுகள் நீராற்பகுப்பாகும். ஒதுக்கிய தூளில் ஒரு கிராமை எடுத்து, சூடு காட்டாமல், அம்மோனியா அல்லது சோடியம் கார்பனேட் மட்டும் வைத்துத் திரும்பச் செய்யுங்கள்.

## அறிகுறி: பிரிபுனலில் பால் மாதிரிக் கலங்கி, அடுக்கே பிரியவில்லை

சப்போனினும் டானினும் செய்யும் சேட்டை. கூடவே நம் கையின் வேகமும். பிரிபுனலைக் குலுக்கக் கூடாது; கவிழ்த்து நிமிர்த்திச் சாய்த்தால் போதும்.

பால்மம் வந்தேவிட்டதா? இரவு முழுக்க விடுங்கள். பிரியாவிட்டால் சில சொட்டு மெத்தனால் விட்டுக் கண்ணாடிக் கோலால் மெல்லக் கிளறுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உப்பு. ஆனால் அமில அடுக்கில் சாதா உப்பைப் போடாதீர்கள். குளோரைடு ஏறினால் மேலே சொன்ன ஹைட்ரோகுளோரைடு கதை திரும்ப வரும். சோடியம் சல்ஃபேட் போடுங்கள். அடுத்து செலைட் படுக்கை வழியாக உறிஞ்சி வடிப்பது, கடைசியாக சென்ட்ரிஃபியூஜ்.

ஒரே செடியில் மூன்றாம் முறையும் பால்மம் வந்தால் பிரிபுனலை ஓரமாக வைத்துவிடுங்கள். காரமாக்கிய சாற்றை டையாட்டம் மண் நிரப்பிய குழலில் ஊறவிட்டு, மேலிருந்து கரைப்பானை ஊற்றி இறக்கினால் குலுக்கலே இல்லை. கலங்க வழியும் இல்லை.

## அறிகுறி: தட்டில் வால், நிரலில் எடை குறைகிறது

தட்டிலும் நிரலிலும் (பொடி நிரப்பிய பிரிப்புக் குழல்) இருக்கும் சிலிகா அமிலத்தன்மை கொண்டது, ஆல்கலாய்டு காரம். ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? தட்டில் வால் நீண்டால் ஓடும் தொட்டிக்குள் அம்மோனியா சிறு கிண்ணத்தில் வைத்து ஆவி நிரம்பவிடுங்கள், அல்லது கரைப்பானில் 1% ட்ரைஎத்திலமின் கலந்துவிடுங்கள். நிரலையும் அப்படியே முன்கூட்டி நனைத்துக்கொள்ளலாம். கடைசியில் அமினை முழுக்க ஆவியாக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் என்எம்ஆரில் (மூலக்கூறின் அணுக்களை பிபிஎம் அளவில் கோடுகளாகக் காட்டும் காந்த நிறமாலை) 1.0-ஐ ஒட்டி ஒரு மும்முனையும் 2.5-ஐ ஒட்டி ஒரு நான்முனையும் உட்கார்ந்துகொண்டு "நான் எத்தில் தொகுதி" என்று ஏமாற்றும்.

எடைக் கணக்கு வையுங்கள். 500 மி.கி. ஏற்றி, எல்லா ஃபிராக்‌ஷனையும் சேர்த்து 300 மி.கி. மட்டுமே வந்தால், அது ஒட்டிக்கொண்டதா சிதைந்ததா என்று பிரித்தறிய வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. சதுரத் தட்டின் மூலையில் ஒரு சொட்டு வைத்து ஓட்டி, உலர்த்தி, தட்டைத் 90 பாகை திருப்பி, அதே கரைப்பானில் மறுபடி ஓட்டுங்கள். எல்லாப் புள்ளிகளும் மூலைவிட்டக் கோட்டில் விழுந்தால் சிலிகா மீது தவறில்லை. கோட்டைவிட்டு விலகிய புள்ளி தெரிந்தால் சேர்மம் தட்டில் இருக்கும்போதே உடைகிறது, சிலிகாவை விட்டுவிடுங்கள். மெத்தனாலில் செஃபடெக்ஸ் எல்ஹெச்-20, இல்லையேல் நடுநிலை அலுமினா. கார அலுமினாவில் அசிட்டோன் ஓட்டாதீர்கள். அசிட்டோன் தன்னோடு தானே சேர்ந்து குப்பை உண்டாக்கும்.

ஹெச்பிஎல்சியில் (உயர் அழுத்தத் திரவ வண்ணப்பிரிகையில்) உச்சி சுறாத்துடுப்பு மாதிரி சாய்ந்தால் பலர் உடனே நிரலைக் குறை சொல்வார்கள். 0.1% ஃபார்மிக் அமிலத்தில் காரங்கள் சீக்கிரமே நிரம்பி வழியும். ஏற்றும் அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். உச்சி நிமிர்ந்தால் நிரல் நல்லதுதான். அமிலத்தோடு அமோனியம் ஃபார்மேட் 10 மில்லிமோலார் சேர்த்து ஓட்டுங்கள். பிஹெச் 10 வரை தாங்கும் கலப்பு வகை நிரல் இருந்தால் அமோனியம் பைகார்பனேட்டில் கட்டற்ற காரமாகவே ஓட்டலாம். சாதாரண சிலிகா நிரலில் இதை முயல வேண்டாம். பிஹெச் 8-க்கு மேல் சிலிகா கரையத் தொடங்கும்.

இவை எதற்கும் பிரியாமல் இரண்டு ஆல்கலாய்டுகள் கிராம் கணக்கில் ஒட்டியே வந்தால், எதிரோட்ட வண்ணப்பிரிகைக் கருவி உள்ள ஆய்வகத்தைத் தேடுங்கள். திடப்பொருளே இல்லாத முறை. காரத்தன்மையில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் பிஹெச் மண்டலப் பிரிப்பில் வரிசைகட்டி வெளியே வரும்.

## அறிகுறி: நேற்று ஒரு புள்ளி, இன்று மூன்று

வெளிச்சம், காற்று, சூடு என்ற வரிசையில் பாருங்கள். சர்ப்பகந்தாவின் ரிசர்ப்பின் வெளிச்சத்தில் ஆக்சிஜனேற்றமாகி மஞ்சள் பூத்து ஒளிரும். கோல்சிசின் வெளிச்சத்தில் லூமிகோல்சிசினாக உருமாறும். கலாபர் அவரையின் ஃபைசோஸ்டிக்மின் கரைசல் காற்றில் சிவந்துவிடும். கரைசலை இரண்டு குப்பிகளில் பிரித்து, ஒன்றை அலுமினியத் தாளில் சுற்றி, ஒன்றை மேசை மேல் வைத்து, ஒரு நாள் கழித்து அருகருகே ஓட்டுங்கள். வித்தியாசம் இருந்தால் காரணம் கிடைத்தது. இல்லையென்றால் ரோட்டாவேப்பர் (சுழற்றி ஆவியாக்கும் கருவி) தொட்டியின் வெப்பத்தைப் பாருங்கள். 40 டிகிரிக்கு மேல் எனக்குப் பிடிக்காது.

என்எம்ஆர் குழாயில் டியூட்டரோகுளோரோஃபார்மில் வாரக்கணக்கில் விட்டுவைப்பதும் இதில் சேரும். அதில் ஊறும் அமிலம் சும்மா இருக்காது. அளந்த அன்றே ஆவியாக்கி உறைநிலையில் வையுங்கள்.

## அறிகுறி: மாஸ் எந்த நூலகத்திலும் இல்லை, "புதுச் சேர்மம்!"

வாழ்த்துச் சொல்லும் முன் கழித்தல் போடுங்கள். அதே சாற்றில், அல்லது அதே பேரினத்தில், தெரிந்த ஆல்கலாய்டு எது? உங்கள் நிறையிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருந்தால் உட்காருங்கள், பேச வேண்டியிருக்கிறது.

- 12 கூடுதல்: ஃபார்மால்டிஹைடு. பழைய மெத்தனாலில் தடயமாக இருக்கும். இரண்டாம் நிலை அமின்கள் விடாது.
- 14 அல்லது 28 கூடுதல்: கார்பாக்சிலிக் அமிலம் மெத்தனாலில் மெத்தில் எஸ்டராகவோ எத்தனாலில் எத்தில் எஸ்டராகவோ மாறியது.
- 16 கூடுதல்: என்-ஆக்சைடு.
- 40 கூடுதல்: முதல்நிலை அமினோடு அசிட்டோன் சேர்ந்து நீர் போனது.
- 42 கூடுதல்: அமின் எத்தில் அசிடேட்டில் கிடந்து அசிட்டைல் ஏறியது.
- 72 கூடுதல்: பழைய குளோரோஃபார்ம். அதில் பிறந்த ஃபாஸ்ஜீன், நிலைநிறுத்தியாகச் சேர்த்த எத்தனாலோடு கூடி, அமினை எத்தில் கார்பமேட் ஆக்கியது.

டைகுளோரோமீத்தேனைத் (டிசிஎம்) தனியாகச் சொல்ல வேண்டும். "வினைபுரியாத கரைப்பான்" என்ற நல்ல பெயரோடு உலவுகிறது. மூன்றாம் நிலை அமினை அதில் நாள்கணக்கில் ஊறவிட்டால் குளோரோமெத்தில் நான்கிணைப்பு உப்பு உருவாகும். ஸ்ட்ரிக்னைன் அப்படிச் சிக்கும். புரோட்டான் ஏறிய ஸ்ட்ரிக்னைன் 335. குளோரோமெத்தில் ஏறியது 383, பக்கத்தில் 385-இல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் துணை உச்சி. குளோரின் கொண்ட ஆல்கலாய்டு செடியில் அபூர்வம். டிசிஎம் புட்டியைத் திறந்த ஆய்வகத்தில் சாதாரணம்.

பெர்பெரின் இன்னும் மோசம். காரம் சேர்ந்தால் அசிட்டோனையும் குளோரோஃபார்மையும் எட்டாம் கார்பனில் பிடித்துக்கொள்ளும். மிளகரணையின் செலெரித்ரின், பிரம்மதண்டின் சாங்குவினரின் வகையறாக்களும் அப்படியே. ஆறாம் கார்பனில் மெத்தாக்சி, எத்தாக்சி, அசிட்டோனைல் என்று எது கிடைத்தாலும் ஏறிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், மாஸ் கருவிக்குள் போனதும் சேர்ந்ததை உதறிவிட்டுப் பழையபடி பெர்பெரின் 336, சாங்குவினரின் 332 என்று நிற்கும். என்எம்ஆரில் கூடுதல் மெத்தாக்சி, மாஸில் அது இல்லை என்ற முரண்பாடு வந்தால் இதுதான் கதை.

அம்மோனியாவும் அப்பாவி இல்லை. வெள்ளருகில் ஸ்வெர்டியமாரின் என்ற செகோஇரிடாய்டு கிளைகோசைடு உண்டு. நைட்ரஜன் துளியும் கிடையாது. அம்மோனியா ஊற்றிச் சாறெடுத்தால் அது ஜென்ஷியனின் என்ற பிரிடின் ஆல்கலாய்டாகப் பிறந்து தட்டில் ஆரஞ்சாகச் சிரிக்கும். அந்த நைட்ரஜன் புட்டியிலிருந்து வந்தது. செகோஇரிடாய்டு உள்ள செடிகளில் அம்மோனியாவுக்குப் பதில் சோடியம் கார்பனேட் போட்டு ஒப்பிடாமல் எதையும் எழுதாதீர்கள்.

செய்ய வேண்டிய சோதனை. ஒதுக்கிய தூளில் 200 மி.கி. எடுத்து, சந்தேகத்துக்குரிய கரைப்பானைத் தொடாமல், குளிர்ந்த எத்தனாலில் அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நேராக மாஸில் ஓட்டுங்கள். உங்கள் சேர்மம் அதிலும் தெரிந்தால் பாதி நிம்மதி. மெத்தனால் மீது சந்தேகம் என்றால் அதே 200 மி.கி. தூளை முழு டியூட்டரோமெத்தனாலில் ஊறவையுங்கள். மெத்தாக்சி செடியுடையது என்றால் நிறை மாறாது. மூன்று கூடினால் அது புட்டியின் மெத்தாக்சி. ஒரு மி.லி. டியூட்டரோமெத்தனாலோடு முடியும் சோதனை இது. ஓர் ஆய்வேட்டின் அத்தியாயம் ஒன்றை நான் இதை வைத்துத்தான் கிழித்துப் போட்டேன். எழுதியதும் நான்தான்.

### எல்லாம் தாண்டியும் மாஸ் புதிர் போடுகிறதா?

நைட்ரஜன் விதியை முதலில் ஓட்டுங்கள். நைட்ரஜன் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் மூலக்கூறு நிறையும் ஒற்றைப்படை. புரோட்டான் ஏறிய அயனி இரட்டைப்படை. ஆனால் விதிக்குப் பொருந்துவதெல்லாம் ஆல்கலாய்டு ஆகிவிடாது. 282.279, 338.342 இரண்டும் இரட்டைப்படை, இரண்டிலும் ஒரு நைட்ரஜன் உண்டு. முதலாவது ஓலியமைடு, அடுத்தது எருக்கமைடு. பிளாஸ்டிக் வழுக்க வேண்டும் என்று ஆலையில் கலப்பவை. தசமத்துக்குப் பின்னால் பாருங்கள். 338-க்குத் தசமம் 0.34 என்றால் அவ்வளவும் ஹைட்ரஜன், கொழுப்புச் சங்கிலி. வளையங்கள் நிறைந்த ஸ்ட்ரிக்னைன் 335.175-இல்தான் நிற்கிறது. 391.284, கூடவே 149.023 தெரிந்தால் தாலேட், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்ப்பது. வெற்று ஓட்டத்தின் குப்பியை இப்போது எடுத்து ஓட்டுங்கள். அதிலும் இவை இருக்கும்.

நிறை எதிர்பார்த்ததில் சரிபாதியா? ஐசோடோப் உச்சிகளுக்கு இடைவெளி 1-ஆ 0.5-ஆ என்று பாருங்கள். 0.5 என்றால் இரண்டு புரோட்டான் ஏறிய இரட்டை ஆல்கலாய்டு. நித்திய கல்யாணியின் வின்பிளாஸ்டின் 811.43-இல் மட்டுமல்லாமல் 406.22-இலும் தலைகாட்டும்.

துண்டு நிறைகளை நம்பி வகுப்பைத் தீர்மானிப்பதில் நிதானம் வேண்டும். 144.081 தெரிந்தால் இண்டோல் பக்கம் சாயலாம். ஆனால் 124.112? ஊமத்தையின் ஹயோசயமின் அதைக் கொடுக்கும். ஆஸ்பிடோஸ்பெர்மின் வகை இண்டோல்களும் அதே 124-ஐக் கொடுக்கும். அணு எண்ணிக்கை கூட ஒன்றே: எட்டு கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன். எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் நிறையால் இவற்றைப் பிரிக்க முடியாது. புற ஊதா நிறமாலை பிரித்துவிடும், இண்டோலினுக்கு 250 நானோமீட்டர் பக்கம் தனிக் கையெழுத்து உண்டு.

16 கூடியது என்-ஆக்சைடா ஹைட்ராக்சிலா என்ற குழப்பத்துக்குத் துத்தநாகமே நடுவர். ஒரு மி.கி. போதும். மூலச் சேர்மம் திரும்பினால் என்-ஆக்சைடு. ஆனால் அது செடியில் பிறந்ததா, காற்றில் பிறந்ததா? பசுமையான இலையைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து அரைத்து உடனே ஓட்டினால்தான் சொல்ல முடியும்.

## அறிகுறி: என்எம்ஆர் கோடுகள் தடித்துக் கிடக்கின்றன, பாதியைக் காணோம்

பெரும்பாலும் அமிலம். டியூட்டரோகுளோரோஃபார்மில் ஊறிய அமிலம் ஆல்கலாய்டில் பாதியை உப்பாக்கி, உப்பும் காரமும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் கோடுகள் பரவுகின்றன. கரைப்பானைக் கார அலுமினா நிரப்பிய சிறு டிராப்பர் வழியாக இறக்கிவிட்டு மறுபடி அளங்கள். ஒரு நிமிட வேலை.

அளந்தது உப்பா காரமா என்பதை என்-மெத்தில் சொல்லும்: காரமாக இருந்தால் 2.3 பக்கம், உப்பென்றால் 2.8-ஐத் தாண்டும். ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலத்தில் ஹெச்பிஎல்சி செய்திருந்தால் கார்பன் நிறமாலையில் 161-இலும் 116-இலும் நான்முனைகள் தெரியும். அவை உங்கள் சேர்மத்துக்குச் சொந்தமில்லை. ஃபார்மிக் அமிலம் 8.4 பக்கம் தனியாக ஒரு கோடு போடும். இலக்கிய மதிப்புகளோடு ஒப்பிடும் முன் காரமாக மாற்றிக்கொள்ளுங்கள். உப்பைக் காரத்தோடு ஒப்பிட்டு "புது ஐசோமர்" என்று அறிவித்தவர்கள் உண்டு.

எல்லாக் கோடுகளும் இரட்டையாக, 3:2 மாதிரி விகிதத்தில் வந்தால் அமைடின் சுழற்சி வடிவங்களாக இருக்கும். டைமெத்தில் சல்ஃபாக்சைடில் 80 டிகிரி வரை சூடாக்கி அளந்தால் கோடுகள் ஒன்றுசேரும். சேராவிட்டால் உண்மையிலேயே இரண்டு சேர்மங்கள், நிரலுக்குத் திரும்புங்கள்.

குளோரோஃபார்ம் கோடு எவ்வளவு பம்ப் செய்தாலும் போகவில்லையா? கோல்சிசின் போன்றவை குளோரோஃபார்மோடு சேர்ந்தே படிகமாகும். மெத்தனாலில் கரைத்து ஆவியாக்குவதை இரண்டு முறை செய்யுங்கள்.

என்எம்ஆர் நிபுணரைத் தேட வேண்டிய இடம்: கையில் ஒரு மி.கி.க்கும் குறைவு, அல்லது ஹைட்ரஜனே இல்லாத கார்பன்கள் நிறைய, அல்லது இரண்டு நைட்ரஜனில் எது எங்கே என்ற கேள்வி. குளிரூட்டிய புரோபும் நைட்ரஜன்-15 ஹெச்எம்பிசியும் (நைட்ரஜனுக்கும் பக்கத்து ஹைட்ரஜன்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் அளவீடு) அங்கே பேசும். போகும்போது "இதோ சாம்பிள்" என்று மட்டும் கொடுக்காமல், எந்தக் கரைப்பான்களைத் தொட்டது என்ற பட்டியலையும் கொடுங்கள். நிபுணர் முதலில் கேட்பது அதைத்தான்.

## அறிகுறி: எல்லாம் பொருந்துகிறது, ஒளிச்சுழற்சி மட்டும் பொருந்தவில்லை

ஒளிச்சுழற்சி என்பது கரைசல் தளமுனைவுற்ற ஒளியை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புகிறது என்ற அளவு. மறுபடியும் உப்பா காரமா என்பதே முதல் கேள்வி. நிகோட்டின் காரமாக இருக்கையில் இடப்பக்கம் திருப்பும். அதன் ஹைட்ரோகுளோரைடு வலப்பக்கம். அடுத்தது கரைப்பானும் செறிவும். இலக்கியத்தில் சொன்ன அதே அளவில் அளந்தீர்களா? சுழற்சி பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ரேசிமேற்றம்: இட, வல வடிவங்கள் சமமாகக் கலந்துவிட்டன. ஹயோசயமின் காரத்திலும் சூட்டிலும் அட்ரோப்பினாகிவிடும்.

இவற்றுக்குப் பிறகும் குறி மட்டும் தலைகீழாக, எண் அதேயாக இருந்தால் ஆடிப் பிம்பம். இது நடக்கக்கூடியதே: ஃப்ளூகியா பேரினத்தில் செக்குரினினும் அதன் ஆடிப் பிம்பமான வைரோசெக்குரினினும் இரண்டுமே இயற்கையில் உண்டு. என்எம்ஆருக்கு இரண்டும் ஒன்று. இந்த இடத்தில் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். மின்னணு வட்ட இருநிறத்தன்மையை அளந்து கணினிக் கணக்கோடு ஒப்பிடுபவரையோ, எக்ஸ் கதிர் படிகவியலாளரையோ தேடுங்கள். படிகம் வளராத காரத்தை ஹைட்ரோபுரோமைடாக்கிப் பாருங்கள். உப்புகள் எளிதில் படிகமாகும், புரோமின் என்ற கனத்த அணு இருப்பது தனி அமைப்பைத் (இரண்டு ஆடிப் பிம்பங்களில் எது என்பதை) தீர்மானிக்கவும் உதவும்.

## அறிகுறி: மறுபடி சேகரித்த செடியில் அந்த ஆல்கலாய்டு இல்லை

பழைய தூள் மிச்சம் இருக்கிறதா? பழையதையும் புதியதையும் ஒரே நாளில், ஒரே கரைப்பானில், பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். பழையதிலும் இல்லையென்றால் கரைப்பான் செய்த சேர்மம். "புதுச் சேர்மம்" என்ற அறிகுறிக்குத் திரும்புங்கள்.

பழையதில் இருந்து புதியதில் இல்லாவிட்டால் ஹெர்பேரியத் தாளை எடுத்துக்கொண்டு வகைப்பாட்டியலாளரிடம் போங்கள். நாமே கைபேசிப் படத்தை வைத்து ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது வேண்டாம். இனம் ஒன்றுதான் என்றால் உறுப்பு, பருவம், உலர்த்திய விதம் என்று வரிசையாகப் பாருங்கள். வேர்ப்பட்டையில் இருப்பது இலையில் இருக்க வேண்டும் என்பதில்லை. நித்திய கல்யாணி ஒன்றிலேயே 130-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், வேருக்கும் இலைக்கும் பட்டியலே வேறு.

செடி செய்யாமல் செடியில் குடியிருப்பது செய்ததாகவும் இருக்கலாம். ஐப்போமியா அசரிஃபோலியா என்ற கொடியில் கிடைக்கும் எர்கோலின் ஆல்கலாய்டுகள் அதன் இலையில் வாழும் பெரிக்லாண்டுலா பூஞ்சையுடையவை. பூஞ்சைக்கொல்லி தெளித்தால் கொடி பிழைக்கும், ஆல்கலாய்டு போய்விடும். அப்படிச் சந்தேகம் வந்தால் பூஞ்சையியல் தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்ளாமல் நகர முடியாது.

மூன்றாம் முறை சேகரிக்கக் கிளம்பும் முன் அனுமதிக் கடிதத்தைப் பாருங்கள். நகோயா நெறிமுறை 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபின், அதில் சேர்ந்த நாடுகளில் பலவும் மரபு வளங்களை எடுக்க முன் அனுமதி கேட்கின்றன. முதல் முறைக்கு வாங்கிய தாள் இரண்டாம் மூட்டைக்குச் செல்லுமா என்று கேட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். இந்த முறை பத்து கிராமுக்குப் பதில் ஐம்பது கிராம் தூளை ஒதுக்கி வையுங்கள்.